விண்ணப்பம் மே மாதத்தில் தொடங்குவதில்லை

2025ஆம் ஆண்டு பொறியியல் சேர்க்கைக்கான விண்ணப்பப் பதிவு மே 7ஆம் தேதி தொடங்கியது. மறுநாள் பிளஸ் டூ முடிவுகள் வந்தன. அடுத்த ஒரு மாதம் தமிழ்நாடு முழுக்க இ-சேவை மையங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் நிற்க இடமில்லை. ஒரு கையில் மதிப்பெண் பட்டியல், இன்னொரு கையில் அப்பாவின் ஆதார் நகல். "அண்ணா, ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்ட்டிஃபிகேட் எத்தனை நாள்ல கைக்கு வரும்?" என்ற கேள்வியை அந்த வரிசைகளில் எந்த ஊரிலும் கேட்கலாம். ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் இப்படித்தான் போகிறது.

பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு ஒரு கல்லூரி இடமாக மாறுவது இந்தச் சில வாரங்களில்தான். ஆனால், அதற்கு எப்படித் தயாராவது என்று பள்ளியில் பாடம் கிடையாது. நல்ல கட்-ஆஃப் வைத்திருக்கும் பிள்ளை, தன்னைவிடப் பத்து மதிப்பெண் குறைந்தவர் சேர்ந்த கல்லூரியைவிடச் சாதாரணமான ஒன்றில் போய்ச் சேர்வது அடிக்கடி நடக்கிறது. விசாரித்தால், ஜாதிச் சான்றிதழ் நேரத்துக்கு வராமல் பொதுப் பிரிவில் போயிருப்பார். அல்லது விருப்பப் பட்டியலில் ஏழெட்டுக் கல்லூரிகளோடு நிறுத்தியிருப்பார். அல்லது ஓ.டி.பி. வேறு யாருடைய போனுக்கோ போயிருக்கும். வீட்டில் ஏற்கெனவே கல்லூரியைப் பார்த்தவர்கள் இருந்தால் இந்தத் தவறுகளை யாராவது பிடித்துவிடுவார்கள். அப்படி யாரும் இல்லாத வீட்டுப் பிள்ளைதான் அடிபடுகிறது. இந்தக் கட்டுரை முதலில் அந்தப் பிள்ளைக்காகவும் அதன் பெற்றோருக்காகவும்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2007இல் சட்டம் போட்டு நீக்கப்பட்டது. அதன்பின் பொறியியல் சேர்க்கைக்கு பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே அடிப்படை. கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பதுக்கு ஐம்பது என்று சுருக்கி, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். கட்டுரை எழுதச் சொல்வதில்லை, நேர்காணல் இல்லை, பரிந்துரைக் கடிதம் இல்லை. கிராமத்துப் பிள்ளைக்கு இது பெரிய நியாயம். அதனாலேயே, தேர்வு முடிந்தபின் விண்ணப்பத்தில் மாணவர் கையில் மிஞ்சுவது இரண்டுதான்: சான்றிதழ்கள், விருப்பப் பட்டியல். பலமான விண்ணப்பம், பலவீனமான விண்ணப்பம் என்ற வேறுபாடு இந்த இரண்டிலும்தான் உண்டாகிறது.

பெயரும் இனிஷியலும்

சான்றிதழ் வேலையைப் பிளஸ் ஒன் அரையாண்டு விடுமுறையில் தொடங்குங்கள். முதலில் செய்யவேண்டியது எளிமையானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், ஜாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், பள்ளிப் பதிவு ஐந்தையும் தரையில் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் 'மு. கார்த்திகா' என்று தமிழ் இனிஷியல், இன்னொன்றில் 'கார்த்திகா எம்', ஆதாரில் 'கார்த்திகா முருகேசன்' என்று இருப்பது நம் ஊரில் சாதாரணம். பிறந்த தேதியில் ஒரு நாள் மாறியிருப்பதும் உண்டு. மே மாதத்தில் கண்டுபிடித்தால் இது பெரிய தலைவலி. முந்தைய டிசம்பரில் கண்டுபிடித்தால் இரண்டு மூன்று நடை. எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்ற குழப்பம் வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றுவதுதான் கடினம் என்பதால், மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகும்படி மாற்றுவதே வழி. உதவித்தொகை எல்லாமே ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அந்த இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்றும் வங்கியில் கேட்டுவிடுங்கள்.

ஜாதிச் சான்றிதழ் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கான சாவி. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. மிச்சமுள்ள 31 எல்லோருக்கும் பொது. விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதிவாகி, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஏறி வட்டாட்சியர் அலுவலகம் போகும். பழங்குடியினர் சான்றிதழ் மட்டும் கோட்டாட்சியர் வரை போகவேண்டும். அங்கே விசாரணை என்ற பெயரில் மாதக்கணக்கில், சில குடும்பங்களுக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுகிறது. நூற்றுக்கு ஒரு இடம் ஒதுக்கிவிட்டு, அந்த ஒன்றைக் கேட்கும் காகிதத்தைக் கையில் கொடுக்க இவ்வளவு தாமதிப்பது கொடுமை. இருளர், மலையாளி, காட்டுநாயக்கன் குடும்பங்களில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்தவுடனேயே மனு கொடுத்துவிடுவது நல்லது. மனு எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு பலன் இருக்கிறது.

முதல் பட்டதாரி சான்றிதழ், வீட்டில் தாத்தா பாட்டி தொடங்கி உடன்பிறந்தவர் வரை யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதிசெய்வது. குடும்பத்தில் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இந்தச் சலுகை. 2010இல் வந்த இந்தக் கல்விக் கட்டணச் சலுகை, அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டுமே. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு அதைக் கேட்க முடியாது. சான்றிதழோடு கூட்டு உறுதிமொழிப் படிவமும் தேவை என்பதைப் பலர் கடைசி நாளில்தான் அறிகிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இலும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கு 2021இலும் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவிபெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இல்லை. ஏழைப் பிள்ளைகள் நிறைந்த அந்தப் பள்ளிகளை விட்டுவிட்டது எனக்கு இன்றும் சரியாகப் படவில்லை. பிளஸ் ஒன் சேரும்போது பள்ளி மாற்ற நினைக்கும் பெற்றோர் இதைக் கணக்கில் கொள்ளவேண்டும். இரண்டு மூன்று பள்ளிகளில் படித்திருந்தால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களுக்குக் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையது. பொதுக் கலந்தாய்விலும் இவர்கள் கலந்துகொள்ளலாம். ஆனால், கட்டணத்தை முழுதாக அரசு ஏற்பது இந்த ஒதுக்கீட்டில் இடம் எடுப்பவர்களுக்குத்தான். கொஞ்சம் பெரிய பெயருள்ள கல்லூரிக்காக அதை விட்டுக்கொடுப்பதா என்று குடும்பமாக உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

பதிவுக்குக் கொடுக்கும் செல்பேசி எண்ணும் மின்னஞ்சலும் மாணவருடையதாகவோ பெற்றோருடையதாகவோ இருக்கட்டும். பிரவுசிங் சென்டர்காரர் நல்லவராகவே இருக்கலாம், அவருடைய எண் வேண்டாம். கல்லூரிப் புரோக்கர்கள் ஊருக்குள் வந்து "நாங்களே எல்லாம் பாத்துக்கிறோம், ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்க" என்று கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அந்த எண்ணைச் சொன்ன நிமிடத்திலேயே உங்கள் பட்டியலை எழுதும் உரிமை கைமாறிவிடுகிறது. ஐந்நூறு ரூபாய் பதிவுக் கட்டணம். ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. வீட்டில் கணினி இல்லையென்றால், மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட சேர்க்கைச் சேவை மையங்கள் இருக்கின்றன. அங்கே பதிவுசெய்ய உதவுகிறார்கள், சந்தேகமும் கேட்கலாம்.

பட்டியலில் எது மேலே?

மூன்று நாளில் நிரப்பவேண்டிய விருப்பப் பட்டியலில்தான் அதிகமான பிள்ளைகள் தோற்கிறார்கள். இடம் ஒதுக்கப்படும் முறை புரியாததே காரணம்.

தரவரிசைப்படி மாணவர்களை மூன்று சுற்றுகளாகப் பிரிக்கிறார்கள். ஒரு சுற்றுக்குள், தரவரிசையில் முன்னால் இருப்பவரின் பட்டியலைக் கணினி முதலில் எடுக்கிறது. மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருக்குக் கிடைக்கக்கூடிய முதல் இடத்தை ஒதுக்கிவிட்டு அடுத்தவரிடம் போகிறது. உங்கள் முறை வரும்போது முதல் விருப்பம் தீர்ந்துபோயிருந்தால் இரண்டாவது, அதுவும் தீர்ந்திருந்தால் மூன்றாவது. இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. எட்டாத கல்லூரியை மேலே போடுவதால் எட்டக்கூடியது பறிபோகாது. "கிண்டி எல்லாம் நமக்கு வராது, அதைப் போட்டு ஏன் வேஸ்ட் பண்ணணும்?" என்று சொல்லும் அண்ணன்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அது தவறு. கிண்டிப் பொறியியல் கல்லூரியை முதலில் போட்டுக் கிடைக்காவிட்டால் கணினி இரண்டாவதைப் பார்க்கும், அவ்வளவுதான். 'பத்திரமான' கல்லூரியை மேலே போட்டால்தான் இழப்பு. அது கிடைத்துவிடும், அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் நல்ல கல்லூரியைக் கணினி திரும்பிக்கூடப் பார்க்காது.

ஆகவே பட்டியல் உங்கள் உண்மையான ஆசையின் வரிசையாக இருக்கட்டும். நீளமாகவும் இருக்கட்டும். நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கும் கலந்தாய்வில் எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் போடலாம். பத்தோடு நிறுத்துபவர்கள்தான் எதுவும் கிடைக்காமல் அடுத்த சுற்றுக்குத் தள்ளப்படுகிறார்கள். அங்கே நல்ல இடங்கள் மிச்சம் இருப்பதில்லை. அதே சமயம், எந்தக் கல்லூரியில் கிடைத்தாலும் சேரமாட்டேன் என்று தெரிகிறதோ அதைக் கடைசி வரியில்கூட எழுதாதீர்கள்.

போன ஆண்டு எந்தக் கட்-ஆஃப்பில் மூடியது என்று எல்லோரும் தேடுகிறார்கள். அதைவிடத் தரவரிசை எண்ணைப் பாருங்கள். 200க்கு 200 எடுத்தவர்கள் 2023இல் 102 பேர், 2024இல் 65 பேர், 2025இல் 144 பேர். ஒரே மதிப்பெண் ஓராண்டில் ஓரிடத்திலும் அடுத்த ஆண்டு வேறிடத்திலும் கொண்டுபோய் நிறுத்தும். உங்கள் பிரிவில், அந்தக் கல்லூரியின் அந்தப் பாடத்துக்குப் போன ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசை என்ன, உங்களுடையது என்ன என்று ஒப்பிட்டால் ஓரளவு நம்பகமான படம் கிடைக்கும். மதிப்பெண் சமமானால் முதலில் கணிதம், பிறகு இயற்பியல், நான்காவது பாடம், பிளஸ் டூ மொத்த விழுக்காடு, பத்தாம் வகுப்பு விழுக்காடு, பிறந்த தேதி என்று பார்த்துக்கொண்டே போவார்கள். அதிலும் தீராவிட்டால்தான் ரேண்டம் எண். பத்தாம் வகுப்பு மதிப்பெண் செத்துப்போய்விட்டது என்று நினைப்பவர்கள் கவனிக்க.

கல்லூரியின் பெயரை நம்பாதீர்கள், குறியீட்டு எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்கு 4. இவற்றில் குழப்பம் வராது. கோவையில் பி.எஸ்.ஜி. என்று தொடங்கும் பொறியியல் கல்லூரிகள் இரண்டு. ஒன்று பீளமேட்டில், மற்றொன்று நீலாம்பூரில். இன்னும் பல ஊர்களில் ஒரே அறக்கட்டளையின் கல்லூரிகள் ஒரு சொல் வித்தியாசத்தில் இருக்கின்றன. அரசு உதவிபெறும் பழைய கல்லூரிகளில் ஒரே பாடத்துக்கு உதவிபெறும் பிரிவு, சுயநிதிப் பிரிவு என்று தனித்தனிக் குறியீடு இருக்கும். கட்டணத்தில் பெரிய வேறுபாடு இருக்கும். எது எது என்று பார்த்துப் போடுங்கள்.

எந்தப் பாடம், எந்தக் கல்லூரி என்ற வழக்கில் என் தீர்ப்பு கல்லூரியின் பக்கம். பெயருக்கு ஒரு கணினி அறிவியல் வகுப்பு நடத்தும் கல்லூரியைவிட, நல்ல ஆசிரியர்களும் ஆய்வகமும் உள்ள கல்லூரியின் மின்னியல் வகுப்பு மேல். ஆர்வம் உண்மையிலேயே ஒரு பாடத்தில்தான் என்றால் அது வேறு. ஆனால், பதினேழு வயதில் பெரும்பாலோருக்கு அந்த ஆர்வம் பக்கத்து வீட்டிலிருந்து வந்ததாகவே இருக்கிறது. இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றின் விகிதத்தை இதோடு ஒப்பிட முடியாது. என்.பி.ஏ. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாக வருவதில்லை, பாடத்துக்குப் பாடம் தனி. நீங்கள் சேரப்போகும் பாடத்துக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். ஹோர்டிங்கில் போடும் சம்பளம் ஒரே ஒரு மாணவர் வாங்கியது. நடுவில் இருப்பவர் என்ன வாங்கினார், எத்தனை பேருக்கு வேலையே வரவில்லை என்று கடைசி ஆண்டு மாணவரிடம் கேட்டால் உண்மை தெரியும். வேலைநாளில் ஒருமுறை நேரில் போய்விட்டு வாருங்கள். பஸ் கட்டணத்தைக் கேளுங்கள். பல வீடுகளைக் கடனில் தள்ளுவது கல்விக் கட்டணத்தைவிட அதுதான்.

இடம் ஒதுக்கிய பின்னும் வேலை முடிவதில்லை. உறுதிசெய்ய இரண்டு நாள்தான். கிடைத்ததை ஏற்றுச் சேரலாம், ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம், மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம். உறுதிசெய்யாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த இரண்டு நாளில் திருவிழா, கல்யாணம் எது வந்தாலும் போனை அணைக்காதீர்கள். ஏற்றுக்கொண்டு காத்திருப்பது பெரும்பாலோருக்கு நல்ல தேர்வு. பிடிக்காத இடம் கிடைத்ததென்று கோபத்தில் மறுப்பதற்கு முன், அடுத்த சுற்றில் என்ன மிச்சம் இருக்கும் என்று ஒரு ஆசிரியரிடம் கேட்டுவிட்டு மறுங்கள்.

கலை, அறிவியல் படிப்புகளின் கதை இதைவிட எளிது. அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அந்த இரண்டு ரூபாய் மட்டும். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். மொத்த மதிப்பெண் குறைந்தாலும் தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு அது திறந்த வாசல். வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்குப் பொறியியலிலிருந்து தனியாக விண்ணப்பிக்கவேண்டும். பொறியியலுக்குப் போட்டால் எல்லாவற்றுக்கும் போட்டதாகிவிடாது.

மார்ச்சுக்குள் மூடும் கதவுகள்

மே மாதத்தில் கண்விழிப்பவர்களுக்குத் தெரியாமலே மூடிப்போகும் கதவுகள் சில உண்டு. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் தேர்வு 2022இல் வந்தது. தமிழிலும் எழுதலாம். திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஐதராபாத், பாண்டிச்சேரி எல்லாம் இதில் அடக்கம். 2025இல் இதற்கான விண்ணப்பம் மார்ச் 1 முதல் 24 வரை. நம் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடந்ததோ மார்ச் 3 முதல் 25 வரை. இயற்பியல் தேர்வுக்கு முந்தைய இரவில் யார் விண்ணப்பம் போடுவார்கள்? ஜனவரியிலேயே ஆவணங்களைச் சரிசெய்து, பாடங்களை முடிவுசெய்து, தளம் திறந்த முதல் நாளில் ஒரு ஆசிரியரை வைத்துப் போட்டுவிடுவதுதான் வழி. அதோடு முடிவதில்லை. தேர்வு முடிந்தபின் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்தில் மறுபடியும் பதிவுசெய்ய வேண்டும். டெல்லிக்குத் தனிச் சேர்க்கைத் தளமே இருக்கிறது. தேர்வு எழுதிவிட்டோம், கடிதம் வரும் என்று காத்திருந்து ஏமாறுபவர்கள் உண்டு.

சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனம் தனக்கென ஒரு நுழைவுத் தேர்வு நடத்துகிறது. கணிதத்தில் உண்மையான வேகம் உள்ள பிள்ளைக்கு இந்தியாவிலேயே அதைவிட நல்ல இடங்கள் மிகக் குறைவு. நம் மாநிலத்திலேயே இருந்தும் நம் பள்ளிகளில் பெயர் தெரிந்தவர்கள் அபூர்வம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடும். வடிவமைப்புக்கு என்.ஐ.டி., கட்டடக்கலைக்கு நாட்டா, ஆராய்ச்சிக்கு ஐசர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி நாள்காட்டி. பிளஸ் டூ தொடங்கும் ஜூனில் ஒரு சுவர்க் காலண்டரில் இவற்றைக் குறித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கட்டுரையும் நேர்காணலும் கேட்கும் பல்கலைக்கழகங்களும் இப்போது நம் பிள்ளைகளின் பார்வைக்கு வந்திருக்கின்றன. பெங்களூரில் அசிம் பிரேம்ஜி, ஹரியானாவில் அசோகா போன்றவை. வசதியில்லாதவர்களுக்குக் கட்டண உதவியும் தருகிறார்கள். இங்கே நம் பிள்ளைகள் தடுமாறும் இடம், தங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்ற எண்ணம். உடனே இணையத்திலிருந்து சிறுவயதுக் கனவு, சமுதாயத்துக்குச் சேவை என்று நான்கு வாக்கியங்கள் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். படிப்பவருக்கு அது மூன்றாவது வரியிலேயே தெரிந்துவிடும்.

சாயங்காலம் அப்பாவின் மளிகைக் கடையில் கடன் நோட்டு எழுதும் பையனுக்குத் தெரிந்த பொருளாதாரம் சாதாரணமானதா? யார் எந்த மாதம் தருவார்கள், ஆடியில் ஏன் வசூல் நிற்கிறது, நூறுநாள் வேலைச் சம்பளம் வந்த வாரத்தில் எது அதிகம் விற்கிறது என்று அவன் சொல்லட்டும். பாட்டியோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் சொல்வதை அவளுக்குப் புரியும் தமிழில் மாற்றிச் சொல்லும் பெண் அதை எழுதட்டும். தான் கவனித்தது என்ன, அதில் விளங்காமல் நிற்பது என்ன, அதைப் படிக்க இந்தப் படிப்பு எப்படி உதவும் என்று நேராகச் சொன்னால் போதும். முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு ஆங்கில ஆசிரியரின் உதவியோடு மாற்றுங்கள். எளிய ஆங்கிலம் குறையில்லை, இரவல் ஆங்கிலம்தான் குறை. நேர்காணலில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகுங்கள். நம் வகுப்பறைகள் அதைத் தண்டித்துப் பழக்கிவிட்டதால் இதற்குத் தனிப் பயிற்சியே தேவைப்படுகிறது.

பணமும் அசல் சான்றிதழும்

சேரும் நாளில் அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும்முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். டி.சி. தவிர மற்ற அசல்களைச் சரிபார்த்துத் திருப்பித் தரவேண்டும், பிடித்துவைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் போட்ட விதி. கேட்டு வாங்குங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. வருமானச் சான்றிதழைக் கையோடு வைத்திருந்தால் முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடலாம்.

எல்லாம் கைவிட்டுப்போனதாக நினைக்கும் பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. பொதுக் கலந்தாய்வு முடிந்ததும் துணைக் கலந்தாய்வு வரும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களுக்காக அரசு 'உயர்வுக்குப் படி' முகாம்களை நடத்துகிறது. சான்றிதழ், வங்கிக் கடன், கல்லூரி, ஐ.டி.ஐ. எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் வழிகாட்டுவதுதான் அதன் நோக்கம். நல்ல முயற்சி. ஆனால், அது பிள்ளை தவறிப்போன பிறகு நடக்கிறது. அதே மேசைகளை, பிளஸ் ஒன் வகுப்பு நடக்கும் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் நவம்பரில் ஒரு நாள் கொண்டுபோய்ப் போடுவதற்குப் பள்ளிக்கல்வித் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து ஒரு உத்தரவு போட்டால் போதும். அந்த உத்தரவை உங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக எழுதிக் கேளுங்கள். குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான், கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.